ரசீது இல்லாமல்

நவம்பர் முதல் வாரம்.
ஷட்டரை முழுக்க ஏற்றக்கூட இல்லை,
குனிந்து உள்ளே வந்தாள் தியோலிந்தா.
ஒரு கையில்
போன மாதம் நான் விற்ற விளக்கு.
மறு கை அணைத்திருந்த அட்டைப்பெட்டியில்
கத்தியால் குத்திய துளைகள்.

"ரசீது தொலைந்துவிட்டது, ஜில்பெர்த்து.
இது வேண்டாம்."

பெட்டி அசைந்தது.

பீக்கோ தீவில் விளக்கு விற்பவனுக்கு
இந்த வாரம் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்.
தெரியும்.
தெரிந்துதான் விற்றேன்.
இருபது வாட், இரண்டாயிரம் லூமன்,
பனிக்கட்டி போன்ற வெள்ளை.
அட்டையில் பச்சை இலை அச்சிட்டிருந்தது.
"பழைய ஹாலஜன் நூற்றைம்பது வாட் குடிக்கிறது,
கழற்றி எறியுங்கள்" என்றேன்.
வால்தெமார் உடனே பணத்தை எடுத்தார்.
இடுப்பில் புது மூட்டு வைத்த மனிதர்,
முற்றத்துக்கு இறங்க மூன்று கருங்கல் படிகள்.

அவள் கணக்கு கொண்டுவந்திருந்தாள்,
முட்டை அட்டையின் பின்புறம், பென்சிலில்.
பழையது எரிந்தது ஒரு மணி நேரம்,
அவர் சிகரெட் முடியும்வரை, பூனை தின்று முடிக்கும்வரை.
நூற்றைம்பது.
புதியது சிக்கனம் அல்லவா,
எரியட்டுமே என்று விட்டுவிட்டார்.
இரவு முழுக்க, பதினொரு மணி நேரம்.
இருநூற்றிருபது.

நான் இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.
பெருக்கியும் பார்த்தேன்.
பச்சை இலை என்னையே பார்த்தது.

"அது இருக்கட்டும், இதைப் பார்" என்று
பெட்டி மூடியைக் கொஞ்சம் தூக்கினாள்.
சாம்பல் முதுகு,
கழுத்தில் இன்னும் உதிராத குஞ்சுப் பஞ்சு,
மஞ்சள் அலகின் நுனியில் ஒரு கீறல்.
ககாரு.
பாறைப் பொந்தின் இருட்டில் வளர்ந்து
வாழ்க்கையில் முதன்முறை பறந்தது நேற்றிரவு.
வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பும் வயது.
கடல் இடப்பக்கம் இருந்தது.
அது வலப்பக்கம் திரும்பி
துணி துவைக்கும் தொட்டியருகே விழுந்தது.
நாய்க்கு முன்னால் தியோலிந்தா போய்விட்டாள்.

சரி, என்ன வேண்டும் உங்களுக்கு?
விற்பவன் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"முற்றம் தெரிய வேண்டாம்.
சுவர் தெரிய வேண்டாம், அத்திமரம் தெரிய வேண்டாம்,
பக்கத்து வீட்டு ஜன்னல் தெரியவே வேண்டாம்.
அவர் கால் வைக்கும் இடம் தெரிந்தால் போதும்."

பட்டியலைப் புரட்டினேன்.
மூன்று வாட். தேன் நிறம்.
தொப்பி போட்டது, தரையை மட்டும் பார்ப்பது.
ஆள் வந்தால் விழிக்கும்,
போனால் ஒரு நிமிடத்தில் தூங்கிவிடும்.
விலை முன்னதைவிட நான்கு யூரோ அதிகம்.
கையிருப்பு இல்லை.
சாவ் மிகேலிலிருந்து கப்பலில் வரப் பத்து நாள்,
கடல் ஒத்துழைத்தால்.

பத்து நாளில்
கிளம்ப வேண்டிய குஞ்செல்லாம் கிளம்பிவிடும்.
விழ வேண்டியது விழுந்துவிடும்.

இருவரும் சும்மா நின்றோம்.
பெட்டிக்குள் நகம் உரசிக்கொண்டிருந்தது.

பிறகு அவள்தான் போனாள்,
விளக்கு வரிசையைத் தாண்டி,
குழாய், பசை, ஆணி தாண்டி,
கடைசி அலமாரிக்கு.
வெள்ளைப் பெயின்ட், கால் லிட்டர், ஒரு தூரிகை.
"படி விளிம்பில் ஒவ்வொரு கோடு.
கறுப்புக் கல்லில் அது பேசும்."

எத்தனை வாட் என்று பில்லில் எழுதவில்லை.

பழையதை நான் திரும்ப வாங்கிக்கொண்டேன்,
ரசீது இல்லாமல், முழு விலைக்கு.
அவள் துறைமுகத்தை நோக்கி நடந்தாள்,
பெட்டியைச் சாய்க்காமல்,
வெயில் ஏறுவதற்குள் நீரில் விட்டுவிட.

அன்று மாலை கடையை மூடிவிட்டுத் தெருவில் நின்றேன்.
தலைக்கு மேல் என் பெயர்ப்பலகை,
நீலமும் வெள்ளையுமாய், மலைவரை எரிந்தது.
உள்ளே திரும்பிப் போய்
அதன் சுவிட்சைத் தேடினேன்.
பதினோரு வருடமாக யாரும் தொட்டதில்லை.
காலண்டருக்குப் பின்னால் இருந்தது.

திரும்பி வந்த விளக்கு இன்னும் அலமாரியில்தான்.
நேற்று ஒருவர் விலை கேட்டார்.
எங்கே மாட்டப் போகிறீர்கள் என்றேன்.
வியாபாரி கேட்கிற கேள்வியா அது என்பதுபோல் பார்த்தார்.